டங்கன் ஃபோர்ப்ஸ்: பிரபுவிடம் சம்பளம் வாங்காத வக்கீல்

1737 ஜூனில் டங்கன் ஃபோர்ப்ஸ் ஸ்காட்லாந்தின் உச்ச சிவில் நீதிமன்றத்துக்குத் தலைவரானார். அந்நாட்டில் ஒரு வக்கீல் எட்டக்கூடிய உயர்ந்த பதவி அது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், அவர் மேற்குக் கடற்கரையில் இருந்தார். மல் தீவு, மார்வெர்ன், டைரீ தீவு என்று ஊர் ஊராகப் போய், இந்த நிலத்தை உழுவது யார், குத்தகை எவ்வளவு, வருஷத்தில் எத்தனை நாள் கூலி இல்லாமல் வேலை வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவை அரசாங்க நிலங்கள் இல்லை, ஆர்கைல் டியூக்கின் குடும்பச் சொத்து.

தலைமை நீதிபதி போய் ஒரு பிரபுவின் நிலக்கணக்கைப் பார்ப்பதா என்று இன்று நமக்குத் தோன்றும். ஆனால் பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தின் அரசியல் இந்தப் பழக்கத்தின் மேல்தான் நின்றது. பெரிய இடத்து ஆதரவு இல்லாமல் யாரும் மேலே வந்ததில்லை. ஃபோர்ப்ஸும் அப்படித்தான் வந்தார். அவரைத் தனியாக எடுத்துப் பார்க்க எனக்குக் காரணம் ஒன்று உண்டு. ஆர்கைல் குடும்பத்துக்கு அவர் செய்த வேலைக்குச் சம்பளம் வாங்கவில்லை என்று சொல்லப்படுகிறது. அவருடைய வாழ்க்கையின் பலமும் முடிவில் வந்த நஷ்டமும் அந்தப் பழக்கத்திலிருந்தே கிளைத்தன என்பது என் கணிப்பு.

ஃபோர்ப்ஸ் 1685இல் இன்வர்னெஸ் பக்கம் பிறந்தவர். கல்லோடன் பண்ணையின் இரண்டாவது மகன். மூத்தவர் ஜான் இருந்ததால் அப்போது சொத்து இவருக்கு வராது (1734இல் ஜான் இறந்த பிறகுதான் வந்தது), தொழில் ஒன்று வேண்டும். அப்பா 1688 புரட்சியில் வில்லியம் மன்னர் பக்கம் நின்றவர். அந்தக் கோபத்தில் பதவியிழந்த ஜேம்ஸ் மன்னரின் ஆட்கள், அதாவது ஜேக்கபைட்டுகள், அவருடைய பண்ணைகளைச் சூறையாடினார்கள். நஷ்டஈடாக ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1690இல் அவருக்கு ஒரு சலுகை தந்தது. ஃபெரிண்டோஷ் என்ற நிலத்தில் விளையும் தானியத்தில், வருஷத்துக்கு 400 மெர்க் (பழைய ஸ்காட்லாந்து நாணயம்) மட்டும் கட்டிவிட்டு விஸ்கி காய்ச்சிக்கொள்ளலாம். குடும்பத்துக்கு அது நல்ல வருமானம். ராஜ்யத்துக்காக இழந்தால் ராஜ்யம் திருப்பித் தரும் என்ற நம்பிக்கை அந்த வீட்டில் இருந்தது என்றால், அதற்கு ஆதாரம் கண்ணெதிரே கொதித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்து ஸ்காட்லாந்து வக்கீல்கள் ஹாலந்து போய் ரோமானியச் சட்டம் படிப்பார்கள். ஃபோர்ப்ஸும் லைடனில் படித்துவிட்டு வந்து 1709இல் எடின்பரோவில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். விரைவிலேயே மிட்லோதியன் மாவட்டத்தில் ஷெரிஃப், அதாவது மாவட்ட நீதிபதி, பொறுப்பு வந்தது. அதற்குப் பின்னால் ஆர்கைல் குடும்பம் இருந்தது.

இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கேம்பல் இனத்தின் தலைவர்கள் இவர்கள். இரண்டாம் டியூக் ஜான் கேம்பல் படைத்தலைவர். 1715இல் ஜேக்கபைட்டுகள் நடத்திய கிளர்ச்சியில், ஷெரிஃப்முயர் சண்டையில் அரசுப் படையை நடத்தியவர். தம்பி ஆர்ச்சிபால்ட், ஐலா பிரபு, சட்டம் படித்தவர், பதவிகளைப் பங்கிடுவதில் கெட்டிக்காரர். 1707இல் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் ஒரே நாடாளுமன்றத்தின் கீழ் வந்த பிறகு, லண்டன் மந்திரிகளுக்கு ஸ்காட்லாந்தை நிர்வகிக்க ஓர் ஆள் தேவைப்பட்டார். அந்த இடத்துக்கு ஆர்கைல் சகோதரர்களும் எதிரணிப் பிரபுக்களும் மோதிக்கொண்டார்கள். பிரபுக்களுக்கு எடின்பரோவில் சட்டம் தெரிந்த, எழுதத் தெரிந்த, நம்பகமான ஆட்கள் வேண்டும். வக்கீல்களுக்குப் பதவி வேண்டும். இதில் ஃபோர்ப்ஸ் டியூக்கின் சொத்து விவகாரங்களைக் கையில் எடுத்துக்கொண்டார், பணம் வாங்காமல்.

இதை வெறும் தாராள மனசு என்று எடுத்துக்கொள்ள முடியாது. கல்யாண வீட்டு மொய் மாதிரி, எழுதிவைத்தாலும் வைக்காவிட்டாலும் திரும்பி வந்தாக வேண்டிய கணக்கு அது. சம்பளம் வாங்குபவர் வேலைக்காரர், மாசக் கடைசியில் கணக்கு தீர்ந்துவிடும். வாங்காதவர் நண்பர். கணக்கு திறந்தே இருக்கும். டியூக் கடமைப்பட்டவர் ஆகிறார், எதிர்த்துப் பேசும் உரிமையும் இவருக்கு மிஞ்சுகிறது.

அந்த உரிமையை ஃபோர்ப்ஸ் சீக்கிரமே பயன்படுத்தினார். 1716இல் அரசுத் தரப்பு உதவி வக்கீலாக நியமிக்கப்பட்டார். 1715 கிளர்ச்சியில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக் கைதிகளை எல்லை தாண்டி இங்கிலாந்தின் கார்லைல் நகரத்துக்குக் கொண்டுபோய் விசாரிக்க அரசு முடிவு செய்தது. உள்ளூர் ஜூரிகள் விடுதலை செய்துவிடுவார்கள் என்ற பயம். இன்வர்னெஸில் கிளர்ச்சிக்காரர்களை எதிர்த்து நின்ற குடும்பம்தான் ஃபோர்ப்ஸின் குடும்பம். ஆனாலும் சொந்த மண்ணின் சட்டத்தை விட்டு வெளியே இழுத்துப்போய்த் தண்டிப்பது அநியாயம் என்று அவருக்குப் பட்டது. லண்டன் அரசின் முன்னணி மந்திரி வால்போலுக்குப் பெயர் போடாமல் நீண்ட கடிதம் எழுதினார். தலைவர்கள் சிலரைத் தண்டியுங்கள், எல்லோரையும் நசுக்கினால் மிஞ்சியிருக்கும் உறவினர்கள் முழுவதும் உங்கள் எதிரிகளாவார்கள் என்பது அதன் சாரம். அதோடு நிற்காமல், கைதிகள் வக்கீல் வைத்துக்கொள்ள நன்கொடையும் திரட்டினார். அரசு வக்கீலே எதிர்த்தரப்புக்குப் பணம் திரட்டுகிறார்! தனியாக நிற்கும் ஒரு இளம் வக்கீல் இதைச் செய்திருந்தால் தொழில் அன்றோடு முடிந்திருக்கும்.

நாடாளுமன்றத்துக்கு அவர் போன வழியும் பார்க்கத்தக்கது. ஒன்றிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் ஸ்காட்லாந்துக்கு 45 இடங்கள். நகரத் தொகுதிகளில் பொதுமக்கள் வாக்களிப்பதில்லை. நாலைந்து ஊர்களைச் சேர்த்து ஒரு தொகுதி, ஒவ்வொரு ஊரின் நகரசபையும் ஒரு பிரதிநிதியை அனுப்பும், அந்த நாலைந்து பேர் போடுவதுதான் ஓட்டு. 1721இல் ஃபோர்ப்ஸ் ஜெயித்த ஏர் தொகுதியில் ஏர், இர்வின், ராத்ஸே, கேம்பல்டவுன், இன்வரேரி என்று ஐந்து ஊர்கள். இன்வரேரி ஆர்கைலின் கோட்டை இருக்கும் ஊர், கேம்பல்டவுனுக்குப் பெயரிலேயே கேம்பல் இருக்கிறது. ஐந்தில் இரண்டு தேர்தலுக்கு முன்பே கையில். இன்னும் ஒன்று சேர்ந்தால் போதும்.

அடுத்த வருஷமே அவர் சொந்த ஊரான இன்வர்னெஸ் தொகுதிக்கு மாறி, 1737 வரை அங்கேயே உறுப்பினராக இருந்தார். சிறிய மாற்றம் போலத் தெரியும், ஆனால் நான் இதைப் பெரிதாக எடுக்கிறேன். ஏர் தொகுதி டியூக் கொடுத்தது, டியூக் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இன்வர்னெஸில் கல்லோடன் குடும்பத்துக்கே செல்வாக்கு இருந்தது. ஏணி கொடுத்தவர் ஆர்கைல், ஆனால் கால் ஊன்றிய தரை சொந்தத் தரை.

1725இல் வந்தது மால்ட் வரி. பியர் காய்ச்சப் பயன்படும் முளைகட்டிய பார்லிக்கு புஷலுக்கு 3 பென்ஸ், இங்கிலாந்து விகிதத்தில் பாதி. அப்போது லார்டு அட்வகேட், அதாவது தலைமை அரசு வக்கீல், ராபர்ட் டண்டாஸ். அவர் வரியை எதிர்த்ததால் பதவி போனது, இடம் ஃபோர்ப்ஸுக்கு வந்தது. ஜூன் 23இல் வரி அமலாக, கிளாஸ்கோவில் கூட்டம் திரண்டு டேனியல் கேம்பல் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் மாளிகையை உடைத்தது. படை சுட்டதில் பலர் இறந்தார்கள். ஃபோர்ப்ஸ் தளபதி வேடோடு கிளாஸ்கோ போய், கலகத்தை அடக்கத் தவறியதாக நகரசபைத் தலைவர்களையே கைது செய்து எடின்பரோவுக்கு அனுப்பினார். பின்னர் நகரம் 6,080 பவுண்டு ஈடு கட்ட வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் ஃபோர்ப்ஸ் மேல் எனக்கு மரியாதை வரவில்லை. சொந்த மண்ணின் சட்டத்துக்காக 1716இல் எழுதியவர், 1725இல் லண்டனின் வரிக்காகச் சொந்த நாட்டு நகரசபையைச் சிறை வைத்தார். பதவி தந்தவர்களுக்குத் தான் எவ்வளவு பயன்படுவேன் என்பதை அவர் காட்டிய தருணம் அது.

அந்த ஆகஸ்டில் ஸ்காட்லாந்துக்கான மந்திரி ராக்ஸ்பரோ நீக்கப்பட்டார், வேறு ஆள் போடவில்லை. ஐலா லண்டனிலிருந்து கயிற்றைப் பிடிக்க, எடின்பரோவில் அன்றாட வேலையின் பெரும்பகுதி ஃபோர்ப்ஸ் தலையில் விழுந்தது. 1727இல் லினன் நெசவையும் மீன்பிடிப்பையும் வளர்க்க ஓர் அறங்காவலர் குழு வந்தது. அதே வருஷம் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, ஐலாவை முதல் ஆளுநராகக் கொண்டு. லினன் விஷயத்தில் ஃபோர்ப்ஸுக்கு உண்மையான ஈடுபாடு இருந்தது. அப்புறம் தேநீர் மேல் ஒரு தீராத கோபம். மக்கள் கடத்தல் தேயிலைக்கு மாறினால் உள்ளூர் பியரும் மால்ட் வரியும் சரியும் என்று அதை எதிர்த்து எழுதியே தள்ளினார்.

சரி, அவருடைய அரசியல் வாழ்க்கையின் நடு இடத்துக்கு வருவோம். 1736 ஏப்ரல் 14. எடின்பரோவில் ஆண்ட்ரூ வில்சன் என்ற கடத்தல்காரருக்குத் தூக்கு. கூட்டம் கல்லெறிய, நகரக் காவல்படைத் தலைவர் ஜான் போர்ட்டியஸின் ஆட்கள் சுட்டார்கள், ஜனங்கள் செத்தார்கள். லார்டு அட்வகேட் என்ற முறையில் ஃபோர்ப்ஸ் வழக்கு நடத்த, போர்ட்டியஸுக்கு மரண தண்டனை கிடைத்தது. மன்னர் வெளிநாட்டில் இருந்ததால் பொறுப்பிலிருந்த கரோலின் ராணி தண்டனையைத் தள்ளிவைத்தார். செப்டம்பர் 7 இரவு ஒரு கூட்டம் சிறைக் கதவை எரித்து, போர்ட்டியஸை இழுத்து வந்து தூக்கில் தொங்கவிட்டது. லண்டனில் கோபம் கொதித்தது. நகரத் தலைவரைச் சிறையில் தள்ளவும், காவல்படையைக் கலைக்கவும், நகரின் நெதர்பௌ வாயிலின் கதவுகளை அகற்றவும் ஒரு மசோதா வந்தது. அரசின் தலைமை வக்கீல் அதை ஆதரித்துப் பேச வேண்டும். ஃபோர்ப்ஸ் எழுந்து எதிர்த்தார். மேலவையில் ஆர்கைல் டியூக்கும் எதிர்த்தார். மசோதா தேய்ந்து, கடைசியில் போர்ட்டியஸின் மனைவிக்கு 2,000 பவுண்டும் நகரத் தலைவருக்குப் பதவித் தடையும் மட்டும் மிஞ்சின.

எதிர்த்துப் பேசியும் பதவி போகவில்லை. அந்த 1737 கோடையில் நீதிமன்றத் தலைமை காலியாக, ஃபோர்ப்ஸுக்கே கிடைத்தது. தைரியத்துக்குப் பரிசு என்று பார்ப்பது அழகாகத்தான் இருக்கும். ஆனால் டியூக்கும் அவரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் மனசாட்சியும் புரவலரின் நிலையும் ஒன்றுசேர்ந்தபோது அவருக்குப் பாதுகாப்பு முழுமையாக இருந்தது.

அந்த வருஷ ஆகஸ்டில்தான் டைரீ பயணம். அங்கே அவர் செய்தது சின்ன வேலை இல்லை. ஹைலண்ட்ஸ் என்ற ஸ்காட்லாந்து மலைநாட்டில் பிரபுவிடம் மொத்தமாக நிலம் எடுத்து, உழுபவருக்கு உள்குத்தகை விடும் இடைக்காரர்கள் இருந்தார்கள். பெரும்பாலும் பிரபுவின் பங்காளிகள். சண்டை என்றால் ஆட்களைத் திரட்டி வருபவர்களும் இவர்களே. இவர்கள் குடியானவர்களைக் கசக்கிப் பிழிவதாக ஃபோர்ப்ஸ் கண்டார். உழுபவர்களே நேரடியாக டியூக்கிடம் 19 வருஷக் குத்தகை எடுக்கலாம், அதிகம் கேட்பவருக்கு நிலம், கூலியில்லா வேலை ஒழிப்பு என்று ஏற்பாடு செய்து செப்டம்பர் 24 தேதியிட்டு அறிக்கை எழுதினார். உழுபவர் மேல் அவருக்கு இருந்த இரக்கம் உண்மை. ஆனால் ஏலம் என்று வந்ததும் குத்தகை தாங்கமுடியாமல் ஏறியது, பலரால் கட்ட முடியவில்லை. இனப்பிணைப்பின் இடத்தில் பணக்கணக்கை வைத்த இந்த ஏற்பாட்டைப் பிற்கால ஹைலண்ட்ஸ் துயரங்களின் தொடக்கங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் பார்க்கிறார்கள். பங்காளி என்ற பழைய கடன்களை டியூக்குக்காக ரத்து செய்துகொடுத்தவர், தன் வாழ்க்கை முழுவதையும் அதே மாதிரிக் கடன்களின் மேல் கட்டியிருந்தார்.

1739இல் இன்னொன்று நடந்தது, அவர் வாழ்வில் மிக இருண்ட இடம். ஸ்கை, ஹாரிஸ் தீவுகளிலிருந்து ஏறக்குறைய நூறு பேரை, பெண்களும் குழந்தைகளுமாக, அமெரிக்காவில் விற்பதற்காகக் கப்பலில் ஏற்றினார்கள். கப்பல் அயர்லாந்தின் டொனகடீயில் ஒதுங்கியபோது அவர்கள் தப்பினார்கள். மக்லௌட் இனத்தலைவர் மேலும் ஸ்லீட்டின் சர் அலெக்ஸாண்டர் மெக்டொனால்ட் மேலும் சந்தேகம் விழுந்தது. இருவர் மேலும் வழக்கு வரவில்லை. தலைமை நீதிபதியின் கை அதில் இருந்திருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். 1745இல் கிளர்ச்சிக்கு வந்த, ஜேம்ஸ் மன்னரின் பேரன் இளவரசர் சார்லஸோடு இந்த இரண்டு தலைவர்களும் சேரவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அந்தச் சந்தேகத்தைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை.

இதற்கிடையில் மேலே பிடிமானம் தளர்ந்தது. ஆர்கைல் சகோதரர்கள் பிரிந்தார்கள். டியூக் எதிர்க்கட்சிக்குப் போனார், ஐலா வால்போலோடு நின்றார். 1742இல் வால்போல் விழுந்தார், ஸ்காட்லாந்து மந்திரியாக எதிரணியின் ட்வீட்டேல் வந்தார். 1743இல் டியூக் இறந்து ஐலா மூன்றாம் டியூக் ஆனார். ஃபோர்ப்ஸ் நீதிபதி என்பதால் பதவிக்கு ஆபத்தில்லை, ஆனால் லண்டனில் அவருக்காகப் பேச வலுவான குரல் இல்லாமல் போயிற்று.

இந்த நிலையில் 1745 கிளர்ச்சி. இளவரசர் இறங்கிய செய்தி கேட்டதும் ஆகஸ்டில் ஃபோர்ப்ஸ் நீதிமன்றத்தை விட்டு வடக்கே வீட்டுக்கு விரைந்தார். புதிய ஆர்கைல் டியூக் எதிர்த்திசையில் போனார். ஆயுதம் எடுக்கச் சட்டப்படி தனக்கு அதிகாரம் இல்லை என்று லண்டன் புறப்பட்டார். சட்டம் தெரிந்தவரின் முடிவு, தப்பென்று சொல்ல முடியாது. ஃபோர்ப்ஸுக்கும் படை திரட்ட நீதிபதி என்ற முறையில் அதிகாரம் எதுவும் இல்லை. அவரிடம் இருந்தது படைப்பிரிவுகளுக்கு அதிகாரிகளை நியமிக்க, பேர் எழுதாத 20 நியமனப் பத்திரங்கள், பேனா, முப்பது வருஷப் பழக்கம். இனத்தலைவர்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டார். யார் மகனுக்குப் பதவி வேண்டும், யாருக்குக் கடன் தொல்லை, யார் யாரோடு சம்பந்தம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்தப் பத்திரங்களை வைத்து 18 படைப்பிரிவுகள் எழுந்தன. வடக்கில் பல இனங்கள் வீட்டிலேயே இருந்தன. மறுபக்கம், அவர் குடும்பம் ஒரு காலத்தில் மன்னிப்பும் பட்டமும் வாங்கிக்கொடுத்த லோவட் பிரபு இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தார். அக்டோபரில் லோவட்டின் ஃப்ரேசர் இனத்து ஆட்கள் ஃபோர்ப்ஸைப் பிடித்துப்போகக் கல்லோடன் வீட்டைத் தாக்கி, முடியாமல் திரும்பினார்கள்.

லண்டனிலிருந்து பணமும் ஆயுதமும் வரத் தாமதமானது. ஃபோர்ப்ஸ் கைப்பணத்தைப் போட்டார், அது தீர்ந்ததும் தன் பெயரில் கடன் வாங்கினார். டியூக்குக்குக் கூலியில்லாமல் வேலை பார்த்தபோது கடமைப்பட்டவர் யார் என்று முகம் தெரியும். இப்போது அவர் கடன் கொடுத்தது மந்திரிசபை மாறினால் முகமும் மாறிவிடும் ஓர் அரசுக்கு. இரண்டையும் அவர் ஒன்றுபோலவே நடத்தினார்.

1746 பிப்ரவரியில் இன்வர்னெஸ் கிளர்ச்சிக்காரர் கையில் விழ, அவர் ஸ்கை வரை பின்வாங்கினார். ஏப்ரல் 16இல் அவர் வீட்டருகே மேட்டில் நடந்த சண்டைக்கு அவர் ஊரின் பெயரே வந்தது. முந்தைய நாட்களில் இளவரசர் தங்கியது அவர் வீட்டில்தான். திரும்பி வந்தவர் கண்டது வெற்றிபெற்ற அரசுப் படையின் கொலைவெறி. காயம்பட்டவர்களையும் விடவில்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்று அந்தப் படையின் தலைவர் கம்பர்லாண்ட் டியூக்கிடம் அவர் எடுத்துச்சொன்னதாகவும், ‘மனிதாபிமானம் பேசிய அந்தக் கிழவி’ என்று கம்பர்லாண்ட் பிறகு இகழ்ந்ததாகவும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஹைலண்ட்ஸ் உடைக்குத் தடை வரும் என்றபோது, ஆயுதத்தைப் பறியுங்கள், குளிரிலும் மலையிலும் உழைப்பவனுக்குப் பொருந்திய உடையை ஏன் பறிக்கிறீர்கள் என்ற பொருளில் ஜூலையில் கடிதம் எழுதினார். 1716இல் எழுதிய அதே கை. இந்தமுறை கேட்க ஆள் இல்லை. தடை வந்தது.

பணத்துக்கும் அலைந்தார். செலவழித்தது முழுமையாகத் திரும்பவில்லை. உடம்பும் விட்டுப்போயிற்று. 1747 டிசம்பர் 10இல் எடின்பரோவில் இறந்தார், கிரேஃப்ரையர்ஸ் இடுகாட்டில் புதைத்தார்கள். மகன் ஜானுக்குப் போய்ச் சேர்ந்த சொத்து கடனில் மூழ்கியிருந்தது. நீதிமன்றத் தலைமைக்கு 1748இல் வந்தவர், மால்ட் வரியில் பதவியிழந்த அதே ராபர்ட் டண்டாஸ். வக்கீல்கள் சங்கம் 1752இல் சிற்பி ரூபிலியாக் செதுக்கிய ஃபோர்ப்ஸின் சலவைக்கல் சிலையை எடின்பரோ நாடாளுமன்ற மண்டபத்தில் வைத்தது.

ஃபோர்ப்ஸ் இறந்த அதே வருஷம் பிரபுக்களின் பரம்பரை நீதி அதிகாரங்களை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியிருந்தது. அந்த அதிகாரங்களுக்குப் பட்டயம் இருந்தது, பட்டயத்துக்கு விலை போட முடிந்தது. ஆர்கைல் டியூக்குக்கு 21,000 பவுண்டு ஈடு கிடைத்தது. ஃபெரிண்டோஷ் சலுகையும் 1784 வரை செல்லுபடியானது. எடுத்தபோது அதற்கும் அரசு ஈடு கட்டியது, ஏனென்றால் அதுவும் எழுத்தில் இருந்தது. 1745 குளிர்காலத்தில் ஃபோர்ப்ஸ் தன் பெயரில் வாங்கிக் கொடுத்த பணத்துக்கு அப்படி ஒரு பட்டயம் இல்லை.